கல்லில் பனியைக் கண்டவர், வானில் மழையைத் தேடினார்!
தாது வருஷப் பஞ்சமும் ஒரு நில இயல் நிபுணரும்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடிமட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் தங்கவயலில் இன்னும் இருக்கிறார்கள். பூமிக்குள் சுமார் இரண்டு மைல் ஆழம். அங்கே பாறையின் சூடு 65 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்றாலும், பாறை என்றால் அவர்களுக்கு நினைவு வருவது அந்த அனல்தான்.

அவர்களிடம் போய், "பாறையில் பனிக்கட்டியின் அடையாளம் தெரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்!

1856-ல் இதைச் சொன்னபோது படித்தவர்களே நம்பத் தயங்கினார்கள். சொன்னவர்கள் மூவர். வில்லியம் பிளான்ஃபோர்ட், அவருடைய தம்பி ஹென்றி பிளான்ஃபோர்ட், தியோபால்ட். மூவரும் இந்திய நில இயல் ஆய்வுத் துறை அலுவலர்கள். தம்பி ஹென்றிக்கு அப்போது வயது 22. லண்டனில் சுரங்கப் படிப்பு முடித்து, முந்திய ஆண்டுதான் கப்பலில் வந்து இறங்கியவர்.

அவர்களை அனுப்பிய இடம் ஒரிசாவில் உள்ள தால்ச்சேர். நிலக்கரி எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து வரச் சொன்னது சர்க்கார். கோடையில் அனல் பறக்கும் ஊர் அது.

கல்லுக்குள் கல்

நிலக்கரிக்கு அடியில் ஓர் அடுக்கு அவர்கள் கண்ணில் பட்டது. மிக நைசான வண்டல் இறுகிய பாறை. அதற்குள் கருங்கல் உருண்டைகள். சில கைக்கு அடக்கம். சில பல அடி குறுக்களவு!

இதில் என்ன அதிசயம்? நம் சயனைடு மேட்டில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், புரியும். ஓடும் தண்ணீர் முதலில் பெரிய கல்லைப் போட்டுவிடும். அப்புறம் மணலைப் போடும். நைசான தூள் கடைசி வரை மிதந்துபோய், தண்ணீர் நிற்கிற பள்ளத்தில்தான் படியும். தங்கத் தாதைக் கிண்ணத்தில் அலசுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். தண்ணீர் தரம் பிரிக்காமல் விடாது.

தால்ச்சேரில் தரம் பிரியவில்லை. பாறாங்கல்லும் வண்டலும் ஒன்றாகக் கிடந்தன. அவ்வளவு பெரிய கல்லை உருட்டும் வெள்ளம் வந்திருந்தால், வண்டல் அங்கே நின்றிருக்காது. வண்டல் படியும் அளவுக்குத் தண்ணீர் அமைதியாக இருந்தால், கல் அங்கே வந்திருக்காது. இரண்டையும் சேர்த்துச் சுமக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அதுதான் பனிக்கட்டி. கல்லைத் தன்னுள் பிடித்து வைத்து நகர்ந்து, உருகும்போது கீழே போட்டுவிட்டுப் போகும்.

கல் கிடந்ததால் மட்டும் பனி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பவர்களும் இருந்தார்கள். அதுவும் நியாயமே. அவர்களுக்குப் பதில் வர 16 ஆண்டுகள் ஆயின. 1872-ல் மத்திய இந்தியாவில் சந்திரபூர் அருகே, பெண்கங்கை ஆற்றுப் படுகையில், அதே வகை அடுக்கின் கீழே இருந்த சுண்ணாம்புப் பாறையை ஃபெடன் என்ற அலுவலர் பார்த்தார். சாணை பிடித்ததுபோல வழவழப்பு. அதன்மேல் நீளநீளமான கீறல்கள். கற்களைச் சுமந்த பனிப்பாளம் அரைத்துக்கொண்டு போன தடம் அது!

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம். அப்போது இந்தியா தென் துருவத்தை ஒட்டி, ஆப்பிரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது பின்னால் தெரிய வந்தது. அந்தக் கண்டங்களிலும் அதே பனியின் தடம் இருக்கிறது. பனி உருகிய பின் காடு செழித்தது. அந்தக் காடுதான் நிலக்கரி.

நம் தங்கவயல் பாறையிடம் இப்படிக் கதை கேட்க முடியாதா? அது கஷ்டம். நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. வயது சுமார் 270 கோடி ஆண்டு. வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது உருமாறிவிட்டது. தங்கம் தந்ததே, போதாதா! மழை, வெயில், பனியின் கணக்கு வண்டல் பாறையில்தான் ஒழுங்காகப் பதிவாகிறது.

அரியலூரில் கடல்

ஹென்றி பிளான்ஃபோர்ட் அடுத்து வந்தது நம் தமிழ்நாட்டுக்கு. திருச்சி, தென்னார்க்காடு ஜில்லாக்களில் ஊர் ஊராக அலைந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து எழுதினார். ஊர்ப் பெயரையே வைத்தார் பாருங்கள், அதற்காகவே அவரைப் பாராட்டலாம். இன்றும் நில இயல் மாணவர்கள் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள்.

அங்கே பனி இல்லை. கடல்! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்குகளும் சிப்பிகளும் வயல்வெளியில் கிடக்கின்றன. டால்மியாபுரம் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் பவளப் பூச்சிகளின் கூடுகள் இருக்கின்றன. பவளத் திட்டு வளர இளஞ்சூடான, ஆழம் குறைந்த கடல் வேண்டும். ஆகவே அன்றைய தட்பவெப்பம் என்ன என்று தெர்மாமீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம்.

அலைச்சலில் ஹென்றியின் உடம்பு கெட்டது. 1862-ல் வேலையை விட்டார். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் வாத்தியார் ஆனார். 1864-ல் பெரும் புயல் கல்கத்தாவைச் சூறையாடியது. அதன்பின் வங்காளத்தில் வானிலைக் கணக்கு எடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

தாது வருஷம்

பதவி ஏற்ற மறு வருஷமே மழை பொய்த்தது. 1876. தமிழில் தாது வருஷம். நம் வீட்டுப் பாட்டிமார்கள் வழிவழியாகச் சொல்லி வந்த அதே பஞ்சம். 1878 வரை நீடித்து, இந்தியாவில் 50 லட்சம் பேருக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போனது. மைசூர் ராஜ்யத்தின் ஜனத்தொகை 1871-ல் 50 லட்சத்துக்குச் சற்று மேல். 1881-ல் எண்ணிப் பார்த்தால் 42 லட்சம்தான்!

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்து சுரங்கம் தோண்டியபோது வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள் என்றால், அவர்கள் விட்டு வந்த கிராமங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மழை வராது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? சர்க்கார் பிளான்ஃபோர்டிடம் கேட்டது. அவர் பார்வை மறுபடியும் பனியின் மேல்தான் போனது. இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி அதிகமாக விழுந்தால், அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று கணக்குப் பார்த்து 1884-ல் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே சோதனையாகச் சில ஆண்டுகள் சொல்லிப் பார்த்திருந்தார். 1886 ஜூன் 4-ந் தேதி, இந்தியாவுக்கும் பர்மாவுக்குமாக முதல் முறையான பருவமழை அறிக்கை வெளியானது.

அவர் வழி முழுமையானது என்று சொல்வதற்கில்லை. அவருக்குப் பின் வந்த எலியட் 1899-ல் நல்ல மழை என்று அறிவித்தார். அந்த ஆண்டு வந்தது கொடும் பஞ்சம்! இமயப் பனி ஒன்று மட்டும் போதாது, பசிபிக் கடல் வரை பார்க்க வேண்டும் என்று பிறகு கண்டுபிடித்தவர் கில்பர்ட் வாக்கர்.

பிளான்ஃபோர்ட் 1893-ல் காலமானார். இன்றும் வானிலை இலாகா ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை, மே முடிவில் திருத்திய அறிக்கை என்று வெளியிடுகிறது. பாலாறு பேத்தமங்கலம் ஏரியைத் தொட்டுக்கொண்டுதான் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் இறங்குகிறது. அந்த அறிக்கையை ஏரிக்கரையில் இருக்கும் நாமும் பார்க்கிறோம், கீழே ஊரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் பார்க்கிறார்கள்.