சூடேறினால்தான் பாடும்! - 60 வயது வால்வு ஆம்ப்ளிஃபயரை வாழவைப்பது எப்படி?

வீட்டில் வால்வு ரேடியோ இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு மறந்திருக்காது. குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்து, சூடேறி, லேசாகத் தூசி வாசனை எழுந்து, அதன் பிறகுதான் குரல் கேட்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் காத்திருப்பு நம் வீடுகளிலிருந்து போய்விட்டது. ஆனால், பேஸ் கிட்டார் வாசிப்பவர்களில் ஒரு கூட்டம் இன்றும் அதை விடவில்லை. 1960-களில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்த்து, அதில் வாசிக்கிறது.

பேஸ் கிட்டார் பாட்டின் அடியில் ஓடும் ஒலி. கூர்ந்து கேட்டால்தான் தனியாகத் தெரியும். ஆனால், அதை எடுத்துவிட்டால் பாட்டே சப்பென்று ஆகிவிடும்.

கட்டையில் பிறந்த பெயர்

எவரெட் ஹல் நியூயார்க்கில் டபுள் பேஸ் வாசித்தவர். ஆளுயர வயலின் போன்ற அந்த வாத்தியத்தின் ஒலி, ட்ரம்பெட்டுகளுக்கு நடுவே எடுபடவில்லை. வாத்தியத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தும் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'பெக்' என்று பெயர். அந்தக் கட்டையின் மேல்முனையில், வாத்தியத்துக்கு உள்ளேயே ஒரு மைக்கைப் பொருத்தினார் ஹல். ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்த பெக் என்பதுதான் 'ஆம்பெக்' ஆனது. 1940-களில் தொடங்கிய அந்த நிறுவனம், 1960-ல் 'பி-15' என்ற ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் ஜெஸ் ஆலிவர்.

15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி. வால்வுகள் பொருத்திய பகுதி அதன் மேல்மூடியிலேயே இருக்கும். வாசிக்கும்போது மூடியைத் திருப்பிப் போட்டால், வால்வுகள் மேலே நிமிர்ந்து நிற்கும். வாசித்து முடித்ததும் மறுபடி திருப்பினால், அவை பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விடும். சக்தி 25 வாட்ஸ் அளவுதான். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கிளப்களில் வைத்து வாசித்தது இதைத்தான். ஒலி பிசிறடிப்பது ஹல்லுக்கு அறவே பிடிக்காது. ஆனால், ஒலியைக் கூட்டினால் இந்த ஆம்ப்ளிஃபயரில் வரும் மெல்லிய உறுமலுக்காகவே இன்று பலர் இதை விரும்புகிறார்கள்.

உறுமல் எங்கிருந்து வருகிறது?

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் இழை சூடாகும்போது எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். நடுவே உள்ள கம்பி வலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் சிறு அதிர்வு வலையைத் தொட்டால், தகட்டில் அது பெரிதாகிறது. எல்லை தாண்டினாலும் வால்வு ஒலியைச் சட்டென்று வெட்டாது. முனை மழுங்கச் செய்து அனுப்பும். அதனால்தான் அழுத்தி வாசித்தாலும் ஒலி காதைக் குத்துவதில்லை.

உயிரோடு விளையாடக் கூடாது

இந்த ஆம்ப்ளிஃபயர்களுக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே, திறந்து பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

அக்காலத்து அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்தான் இருக்கும். கிட்டாரின் கம்பியில் ஒரு கையும் மைக்கில் இன்னொரு கையும் படும்போது, இரண்டில் ஒன்றில் கசிவு இருந்தால் மின்சாரம் உடலின் வழியே பாயும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். 'பழசு பழசாகவே இருக்கட்டும்' என்று அந்த வயரை விட்டுவைக்கக் கூடாது. மூன்று பின் வயர் போடுவதுதான் முதல் வேலை.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அது சுமார் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

தினசரிப் பராமரிப்பு

* பல வருடங்கள் சும்மா கிடந்ததை எடுத்த எடுப்பில் ஆன் செய்யாதீர்கள். கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். மெக்கானிக் பரிசோதித்து, வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றித்தான் எழுப்ப வேண்டும்.

* ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் பொருந்த வேண்டும்.

* 'ம்ம்' என்ற இரைச்சல் நாளுக்கு நாள் கூடினால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். குமிழைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனரில் சரியாகிவிடும்.

* வால்வின் உலோகத் தகடு செக்கச்செவேலென்று தகதகத்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். கண்ணாடியில் தெரியும் மெல்லிய நீல ஒளிக்குப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் இயல்பானதே.

* பவர் வால்வுகளை ஜோடி பொருத்தம் பார்த்து மாற்றுவது நல்லது. மாற்றும்போது பயாஸ் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* வாசித்து முடித்ததும் உடனே தூக்காதீர்கள். சூடான இழை குலுங்கினால் அறுந்துவிடும், ஆறவிட்டு எடுங்கள்.

எதை மாற்றலாம், எதை விடலாம்?

விண்டேஜ் பிரியர்களுக்குப் பெரிய தயக்கமே இதுதான். பாகங்களை மாற்றினால் பழைய மதிப்பு போய்விடுமோ என்று பலர் யோசிக்கிறார்கள். பழைய புல்லட் வைத்திருப்பவர், கம்பெனியில் வந்த அதே டயரோடு இன்றும் ஓட்டுவாரா? வால்வு, கெப்பாசிட்டர், மின்வயர் எல்லாமே தேயும் சாமான்கள். டிரான்ஸ்ஃபார்மர்களும் ஸ்பீக்கரும் பெட்டியும்தான் அதன் குரலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவை நன்றாக இருக்கும்வரை அவற்றை அப்படியே விட்டுவிடலாம். மாற்றிக் கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வாங்குபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் அது உதவும்.

வால்வுகள் இன்றும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளில் தயாராகின்றன. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல், ரஷ்ய வால்வுகள் வராமல் போகுமோ என்ற பயத்தில் விலை எகிறியது. எனவே, ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

எல்லாம் சரிசெய்த பிறகு, ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மாதத்தில் சில நாட்களாவது அரை மணி நேரம் வாசியுங்கள். கெப்பாசிட்டர்களுக்கு அதுவே நல்லது. வீட்டுக் கூடத்துக்கு 25 வாட்ஸ் தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்!