அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கூடாரம் அடிக்கும் முறை

வங்காள விரிகுடாவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில், காட்டையும் கடலையும் ஆராயச் செல்வோர்க்குப் பல நாட்கள் சிறு கூடாரமே வீடாகும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பிரதேசம் அது. இரு பருவக்காற்றுகளும் மழை தருவதால், மே முதல் டிசம்பர் வரை நனையாத வாரம் அரிது. ஆகவே, கூடாரம் அடிக்கும் முறையை அறிந்திருத்தல் களப்பணியாளர்க்கு இன்றியமையாததாகும்.

முதற்கண் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வெண்மணற் பரப்பு கண்ணுக்கு இனியது. ஆனால் காய்ந்த கடற்பாசி வரிசையாகக் கிடக்கும் கோடுவரை கடல் ஏறியது என்பதை மறத்தலாகாது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் அதனையும் தாண்டக்கூடும். அலையாத்திக் காடுகளின் ஓடை முகங்களில் உவர்நீர் முதலைகள் உலவுவதால், அவற்றினின்று நெடுந்தொலைவு விலகியே தங்குதல் நலம். பட்ட கிளைகளையுடைய பெருமரங்களின் கீழும் தென்னையின் கீழும் கூடாரம் அடித்தல் கூடாது.

இடத்தேர்வின் அருமையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் உணர்த்திற்று. சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் பேரலைகள் எழுந்தன. பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் நிலம் ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. அதற்கு அணித்தாயுள்ள கலாத்தியா கடற்கரையில் கடலாமைகளை ஆராய்வதற்காக அமைந்திருந்த முகாமும் அழிந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது. எனினும், நிலநடுக்கம் தோன்றும் பிளவுக்கு அருகிலேயே உள்ள இத்தீவுகளில் செய்தி வருமுன் அலை வந்துவிடக்கூடும். அங்கு நில அதிர்ச்சியே எச்சரிக்கையாகும்.

ஆதலின், கூடாரம் அடிக்கும் அன்றே, பொழுது சாய்வதற்குள், மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடல் வேண்டும். நிலம் வலுவாகவோ நெடுநேரமாகவோ அதிர்ந்தால், கருவிகளைத் திரட்டாது உடனே ஏறுக. முதல் அலை வடிந்தபின் கீழே இறங்கற்க. பின்வருவது அதனினும் பெரிதாக இருத்தல் கூடும்.

இனி, கூடாரத்தை நிறுத்தும் முறை. வாயில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் அமையட்டும். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு கட்டையின் நடுவிலோ மணல் நிரப்பிய பையிலோ கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில், கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் புதைத்து, ஈரமணலால் நன்கு மிதித்து இறுக்குக. கயிறு தரையோடு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இருத்தல் நன்று. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். மழைக்கு முன் அதனைச் சற்றுத் தளர்த்துக. நைலான் கயிறோ நனைந்தால் தளரும். அதனை மீண்டும் இறுக்குக. கீழ்விரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே விடும். அதன் ஓரங்களை உள்மடித்தல் வேண்டும்.

கூடாரத்தினுள் அடுப்பு மூட்டுதல் அறவே கூடாது. தீப்பற்றும் அபாயத்தோடு, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரை ஓசையின்றிக் கொல்லும். மழையெனினும் காற்றுத் துளைகளை அடைத்தலாகாது. உவர்நீரில் பெருகும் அனோபிலஸ் கொசு மலேரியாவைப் பரப்புவதால் கொசுவலை வேண்டும். காலையில் காலணிகளை உதறி அணிக, பூரான் புகுந்திருக்கலாம். ஆமைகள் முட்டையிடும் கரைகளில் வெள்ளொளி விளக்கு, கடல் நோக்கிச் செல்லும் குஞ்சுகளை வழிதவறச் செய்யும். ஆகவே அதனைத் தவிர்க்க. பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி அனுமதியின்றி நுழைதல் குற்றமாகும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைப் பள்ளி முற்றத்திலேயே நடத்தலாம். மணற்குழியில் ஒரு முளையையும் புதைத்த கட்டை ஒன்றையும் மாணவர் கயிறு கட்டி இழுத்துப் பார்ப்பாராயின், எது நிலைக்கும் என்பதைத் தாமே கண்டுகொள்வர்.