நிலத்தடியில் ஓர் அடுப்பு

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதை நாம் அறிவோம். மேலே காற்று குளிர்ந்தாலும் நிலத்தின் ஆழம் தன் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. சுவீடன் நாட்டில் பல குடும்பங்கள் இவ்வுண்மையைக் கொண்டே தம் இல்லங்களைச் சூடாக்குகின்றன.

1973-இல் எண்ணெய் நெருக்கடி மூண்டது. சில திங்களுக்குள் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் எரித்துக் குளிரைப் போக்கிவந்த மக்கள் திகைத்தனர்; மாற்று வழி தேடினர். இன்று வீட்டு முற்றத்தில் 100 முதல் 200 மீட்டர் வரை துளையிட்டு, குழாயில் உறையாத நீர்மத்தைச் சுழலவிடுகின்றனர். அது நிலத்தின் இளஞ்சூட்டை ஏந்தி வருகிறது. குளிர்பதனப் பெட்டியில் உள்ளது போன்ற பொறியொன்று அச்சூட்டை உயர்த்தி வீட்டுக்கு அளிக்கிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் கிடைக்கிறது. துளையிடும் செலவோ பெரிது. ஆண்டுதோறும் மிச்சமாகும் பணமே அதனை மெல்ல ஈடுசெய்கிறது.

ஆயினும் ஒன்று. துளைகள் நெருங்கினால் ஒரு வீடு மற்றதன் வெப்பத்தைப் பறித்துவிடும். ஆகவே இடையே 20 மீட்டர் விடுமாறு அங்கு அறிவுறுத்துகின்றனர். பூமி நம் பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதியதன் பொருள் இதுவன்றோ? இறைவன் நிலத்தில் வைத்த கொடையைப் பெறும்போது, அயலார் பங்கையும் நாம் நினைவிற் கொள்வோம்.