வெண்ணெய் திருடும் முயல்

1937ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஆரம்பப் பாடசாலை மாணாக்கருக்குப் புதுமையானதொரு பணி வந்து சேர்ந்தது. பாட்டன் பாட்டியரிடமும் அயலாரிடமும் பழங்கதைகளைக் கேட்டு எழுதிவருமாறு அந்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ 5,000 பாடசாலைகள் 1939 வரை இதிற் பங்குகொண்டன. டப்ளினிற் பேணப்படும் அவ்வெழுத்துக்களை இன்று இணையத்திலும் காணலாம். அவற்றுள் மாடும் கோழியும் பற்றியனவற்றையே நான் விரும்பிப் படிப்பதுண்டு; அரசர் கதைகளில் அகப்படாத வாழ்வு அங்கே அகப்படுகின்றது.

‘தியுக், தியுக்’ என்று கோழிகளை அழைப்பர். அடைவைக்கும் முட்டைகளிற் கரியாற் சிலுவைக் குறி இடுவர். மார்ச் மாதத்தில் இட்ட முட்டையிலிருந்து அம்மாதத்திலேயே பொரித்த கருஞ்சேவல் பேயை ஓட்டவல்லதாம். அடை இருப்பது 21 நாளன்றோ? ஆகவே, முதற் பத்து நாளுக்குள் இட்ட முட்டைக்கே அந்தப் பேறு! நவம்பர் 10ஆம் நாள் இரவு, புனித மார்ட்டினுக்காகச் சேவலை அறுத்து, அதன் குருதியை வாசற்படியிலும் வீட்டின் மூலைகளிலும் தெளிப்பர்.

ஆனால், மே முதல்நாளே அச்சம் மிகுந்த நாள். அன்று வைகறையில் அயலான் புல்வெளிப் பனியைத் துணியால் ஒற்றி எடுப்பவள், அவன் வீட்டு வெண்ணெய் முழுவதையும் கவர்ந்துவிடுவாள் என நம்பினர். முயலாக உருமாறி மாட்டின் மடியிற் பால் குடிப்பாளாம். வேட்டைநாய் அம்முயலைக் கடிக்கும். குருதிச் சுவட்டைப் பின்பற்றிச் சென்றால், ஒரு குடிசையுள்ளே காயத்துடன் கிழவி ஒருத்தி கிடப்பாள். அன்றைக்கு நெருப்புத் தணல் இரவல் கேட்டு வருபவளும் சந்தேகத்துக்கு உரியவளே.

கேட்க இனிய கதைதான். எனினும் வெண்ணெய் அக்குடியானவருக்குக் குத்தகைப் பணம். 1770 முதல் 1924 வரை இயங்கிய கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தைக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து மிடா மிடாவாக அது சென்றது. பாலாடை சிறிது சூடேறினாலும் குளிர்ந்தாலும் வெண்ணெய் திரளாது. பசு வற்றும் பருவத்திலும் கலம் தூய்மை கெட்டாலும் அப்படியே. வெப்பமானி இல்லாத வீட்டில் இதற்கு யார்மேற் பழி போடுவது? ஆண் துணையற்ற ஏழைக் கிழவிமேலேதான்! நான் படித்தவை எல்லாம் மாட்டுக்குரியவர் பக்கத்துக் கதைகள். கிழவி தன் வாயாற் சொன்னது ஒன்றையும் கண்டிலேன்.

கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் ‘கடவுள் ஆசீர்வதிப்பாராக’ என்று சொல்லி, மத்தைப் பிடித்துச் சிறிது நேரம் கடைந்துவிட்டே போகவேண்டும் என்பது வழக்கு. தணல் கேட்டு வந்த கிழவியும் கடைந்துதான் இருப்பாள்.