இரட்டைக் கதவுக்கு அப்பால்

ஹோட்டலுக்குப் போகும் நாம் இலையில் வந்து விழும் பண்டத்தைத்தான் பார்க்கிறோம். ருசி கூடியிருந்தால் "பேஷ்!" என்கிறோம், உப்புக் குறைந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். அந்தப் பண்டம் புறப்பட்டு வந்த இடத்தை எட்டிப் பார்க்க வேண்டுமென்று நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் முதலாளி உள்ளே விடமாட்டார்!

1929-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஆங்கில இளைஞர் ஒருவர் உள்ளே போனார். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கையில் காசில்லாமல் பிழைக்கப் போனார். பெரிய ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் எச்சில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அவர்தாம் பிற்பாடு ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகப் பிரசித்தி பெற்ற எழுத்தாளர். தாம் கண்டதை 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்த நிலவறையில் உஷ்ணம் பாரன்ஹீட் 110 டிகிரியாம். காலடியில் சோப்பு நீரும் காய்கறிக் குப்பையும். காதில் ஓயாத வசைமொழி. அதே கட்டடத்தில், சில அடி தூரத்தில், வெள்ளை விரிப்பும் பூஜாடியும் நிலைக்கண்ணாடியுமாகப் போஜன மண்டபம். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஓர் இரட்டைக் கதவு மட்டுமே. உள்ளே தொண்டை கிழியக் கத்திய பரிசாரகர், கதவைத் தாண்டியதும் பரம சாதுவாகி, தட்டை ஏந்திக்கொண்டு அடக்க ஒடுக்கமாக நடப்பார்!

இத்தகைய அமளியை ஒழுங்குபடுத்த, அதற்கும் முன்பே முயன்றவர் எஸ்காஃபியே (1846–1935) என்னும் பிரெஞ்சு சமையல் மேதை. 1870-ஆம் வருஷத்து யுத்தத்தில் ராணுவத்துக்குச் சமைத்தவர் அவர். 1890 முதல் லண்டன் ஸவாய் ஹோட்டலில் இருந்தபோது, சமையற்கட்டையே ஒரு சைன்யம் போல் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், பணியாரங்களுக்கு ஒருவர். எல்லோருக்கும் மேலே ஒரு தலைவர். கூச்சலும் குடியும் கூடாதென்றார். உலகின் பெரிய ஹோட்டல்கள் பலவும் இன்றுவரை ஏறக்குறைய இந்த முறையையே அனுசரிக்கின்றன. நம் ஊர் ஹோட்டல்களிலும் சரக்கு மாஸ்டர் வேறு, தோசைக்கல்லின் முன் நிற்பவர் வேறு அல்லவா?

கதவுக்கு இப்பால் இன்னொரு வர்க்கத்தார் உண்டு. சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே அவர்கள் உத்தியோகம்! 1957-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் உணவுப் பகுதிக்கு ஆசிரியரான கிரெய்க் கிளெய்போர்ன் இதற்கு நெறி வகுத்தார். விமர்சகர் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே இடத்துக்குப் பலமுறை போகவேண்டும். பணத்தைப் பத்திரிகையே கட்டவேண்டும். அவர் வழியில் வந்த ரூத் ரைஷல், 1993-ல் பொய்முடி தரித்து, பகட்டில்லாத ஒரு மாதாக 'லெ ஸிர்க்' என்னும் ஆடம்பர ஹோட்டலுக்குப் போனார். கிடைத்தது அலட்சியம். அடையாளம் தெரிந்த பிறகோ ராஜோபசாரம்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார்.

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் நட்சத்திரத்தின் பாரம் உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். பிரான்ஸில் ஸோலியே என்ற சிற்றூரில் புகழுடன் விளங்கிய பெர்னார் லுவாஸோ, 1991-ல் மிஷெலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றவர். 2003-ல் மற்றொரு கையேடு அவருக்கு இட்டிருந்த 19 மதிப்பெண்ணை 17 ஆகக் குறைத்தது. மூன்றாவது நட்சத்திரமும் போய்விடும் என்று வதந்தி வேறு. அவ்வருஷம் பிப்ரவரியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடனும் மனச்சோர்வும் அவரை வாட்டியிருந்தன. ஆகையால் ஒரே காரணத்தின் மீது பழியைச் சுமத்துவது நியாயமன்று. எனினும், அந்த மூன்று நட்சத்திரங்களும் அவ்வாண்டுக் கையேட்டில் குறையாமல் இருந்தன என்பதை அறியும்போது நெஞ்சு கனக்கிறது.

பாத்திரம் கழுவுபவராகத் தொடங்கித் தலைமைச் சமையற்காரரான அமெரிக்கர் அந்தோணி போர்டேன் (1956–2018) உள்ளிருந்தே பேசினார். அவர் 1999-ல் எழுதிய கட்டுரையும் 2000-ல் வந்த புத்தகமும் அமெரிக்காவில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. மாமிசத்தை நன்றாகக் கருக வாட்டிக் கொண்டுவரச் சொல்பவருக்கு மட்டமான துண்டத்தையே ஒதுக்கிவைப்பார்கள் என்று போட்டு உடைத்தார்! ஆனால் அவர் சொன்னவற்றில் முக்கியமானது வேறு. பிரெஞ்சுப் பெயரும் இத்தாலியப் பெயரும் தாங்கிய நியூயார்க் ஹோட்டல்களில் உண்மையில் அடுப்படியில் நின்று வேகிறவர்கள், மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளே என்றார். அவர்களுடைய உழைப்பை வாயார மெச்சினார்.

விமர்சகர்கள் குழம்புக்கு மார்க்குப் போடுகிறார்கள். தலைவருக்கு நட்சத்திரம் சூட்டுகிறார்கள். நிலவறையில் நின்று பாத்திரம் கழுவுகிறவனுக்கு மார்க்குப் போட இதுவரை ஒரு கையேடும் அச்சாகவில்லை. நம் ஊர் ஹோட்டல்கள் பலவற்றில் கை கழுவும் இடத்திலிருந்தே சமையற்கட்டின் வாசல் தெரியும். அடுத்த முறை போகும்போது, நேயர்களே, அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புகைக்கு நடுவே நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால், "காப்பி நன்றாக இருந்தது, ஐயா!" என்று சொல்லுங்கள். அதற்குப் பில் கிடையாது.