தென்பெண்ணைப் பாசனமும் பெங்களூருக் கழிவுநீரும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது ஆற்றில் வெள்ளை நுரை பொங்கி வருவதை அப்பகுதி உழவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளத்துடன் வரும் நுரை சாலை வரை ஏறுவதும் உண்டு. ஏறத்தாழ 8,000 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள இந்த அணையின் நீரைத்தான் நெல்லுக்கும் ராகிக்கும் தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் பாய்ச்சுகிறோம். இந்த நுரை எங்கே உண்டாகிறது, அதைத் தடுக்கும் விதிகளை யார் எழுதுகிறார்கள், அவற்றை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் யார் என்பதை ஆயக்கட்டு உழவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரு மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். அதன் மேற்குப் பக்கத்துக் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் நீரும் ஹெப்பால் பள்ளத்தாக்கின் நீரும் தென்பெண்ணைப் பக்கம் இறங்குகின்றன. இவ்வழியில் உள்ள பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் ஒரு காலத்தில் பாசன ஏரிகளாக இருந்தவை. பெல்லந்தூர் ஏரியில் 2015இல் நுரை மலைபோல் எழுந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அதே ஏரியில் தீப்பிடித்தது. தண்ணீரில் தீ எப்படிப் பிடிக்கும் என்று கேட்கத் தோன்றும். கழிவு மட்கி வரும் எரிவாயுவும், எண்ணெய்ப் படலமும், காய்ந்த களைகளும், கொட்டிய குப்பையும் ஒன்று சேர்ந்தால் பிடிக்கும்.

குடியிருப்பு ஒன்றின் கணக்கு

நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 500 பேர். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வழங்கும் கணக்கு. ஆக 67,500 லிட்டர். இதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொள்வார்கள். அதாவது தினமும் 54,000 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் இந்த நீர் எங்கே போகும்? பக்கத்து ஓடைக்குத்தான். ஓடை ஏரிக்கும், ஏரி ஆற்றுக்கும், ஆறு நம் வாய்க்காலுக்கும் கொண்டு சேர்க்கும்.

இதனால்தான் பெரிய குடியிருப்புகள் தமக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த நிலையத்தின் உயிர் அதில் வாழும் நுண்ணுயிர்கள். கம்பி வலையில் குப்பையை வடித்த பிறகு கழிவுநீரை ஒரு தொட்டியில் நிறுத்தி, காற்றூதும் இயந்திரத்தால் இடைவிடாது காற்றைச் செலுத்துவார்கள். பிராணவாயு கிடைக்கும் வரை நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று பெருகும். சோப்புத் தூளில் உள்ள நுரைக்கும் பொருளையும் பெருமளவு சிதைத்துவிடும். அடுத்த தொட்டியில் அவை கசடாகப் படிய, மேலே தெளிந்த நீரை மணலிலும் கரியிலும் வடிகட்டிக் குளோரின் சேர்ப்பார்கள். படிந்த கசடில் ஒரு பகுதியை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் காற்றூதியை நிறுத்திவிட்டால் நுண்ணுயிர்கள் மூச்சு முட்டிச் செயலிழக்கும். மறுநாள் இயந்திரத்தை ஓட்டினாலும் நிலையம் பழைய நிலைக்கு வர நாட்கள் பிடிக்கும். அதுவரை நுரைப்பொருள் அப்படியே ஓடையில் இறங்கும். தேங்கிய நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. மதகில் உயரத்திலிருந்து விழுந்து காற்றுடன் கலக்கும் இடத்தில்தான் நுரையாகப் பொங்கும். ஆகவே நுரை இல்லாத நாளில் நீர் தூய்மையாக உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது.

கட்டுநர் சங்கங்கள் கேட்பது என்ன?

வீடு கட்டி விற்பவர்களுக்கு அகில இந்திய அளவிலும் நகர அளவிலும் சங்கங்கள் உள்ளன. 1999இல் தொடங்கிய கிரெடாய் அவற்றில் பெரியது. புதிய விதி வரும்போதெல்லாம் அமைச்சரையும் அதிகாரிகளையும் சந்தித்து மனுக் கொடுப்பது இச்சங்கங்களின் அன்றாட வேலை. கழிவுநீர் பற்றி அவர்கள் தரப்பில் சொல்லப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறு நிலையங்களை வீட்டுக்காரர்களால் ஒழுங்காக நடத்த முடியாது, தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை, வளர்ச்சிக் கட்டணம் வாங்கும் அரசே குழாய் பதித்துப் பெரிய நிலையம் கட்டட்டும் என்கிறார்கள். கைவிடப்பட்ட சிறு நிலையங்கள் பல உண்டு என்பதும் மெய்தான்.

ஆனால் பெரிய நிலையம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரை அரசு நிலையங்களில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018 ஜூனில் தொடங்கியது. அடுத்த மாதமே அங்கும் ஏரியில் நுரை வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டு நீரேற்றத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

விதியைத் தளர்த்தும் முயற்சிகளும் நடந்தன. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. கட்டட அனுமதியோடு இதையும் உள்ளாட்சி அமைப்புகளே பார்த்துக்கொள்ளலாம் என்று 2016 டிசம்பரில் மைய அரசு மாற்றியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓராண்டு கழித்து அதன் முக்கியப் பகுதிகளை நீக்கியது. பெங்களூருவில் அகரம் ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் எழுந்த கட்டடங்கள் பற்றிய வழக்கில், ஏரிக்கரையிலிருந்து 75 மீட்டர் வரை கட்டடம் கூடாது என 2016 மே மாதம் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதற்கு முன் இது 30 மீட்டராக இருந்தது. கட்டுமான நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. நகரின் பெருந்திட்டத்தில் உள்ள அளவைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது.

இந்த வாதங்களில் எல்லாம் கீழ்மடையில் நிற்கும் உழவனுக்கு இடமே இருக்கவில்லை. 2006 அறிவிக்கையின்படி அணை, சுரங்கம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. கட்டடத் திட்டங்களுக்கு இல்லை. ஓசூரும் 2019இல் மாநகராட்சியாகி வேகமாக வளர்ந்து வருகிறது. பழியை முழுவதும் பெங்களூருவின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. உங்கள் ஊரில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வரும்போது, கழிவுநீர் எங்கே விடப்படும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உண்டா, நிலையத்தை நடத்துபவர் யார் என்ற மூன்றையும் கிராம சபையில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் கொடுக்கும் மனுவுடன் நீர் ஆய்வு முடிவையும் இணைத்தால் அதற்கு மதிப்புக் கூடும்.

வயலில் செய்ய வேண்டியவை

விதி திருந்தும் வரை பயிர் காத்திருக்காது. இந்த நீரில் தழைச்சத்து உண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ளவும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர் பாயும். 4 கிலோ தழைச்சத்து சேரும். பத்து முறை கட்டினால் 40 கிலோ. இது ஏறத்தாழ இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். இதைக் கணக்கில் கொள்ளாமல் வழக்கமான மேலுரத்தையும் இட்டால் நெல் தழைத்துச் சாயும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். தக்காளியில் இலை செழித்துக் காய் குறையும். நீர் ஆய்வு முடிவைப் பார்த்து மேலுரத்தைக் குறைக்கவும்.

பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, கேரட், முள்ளங்கி, கீரை வகைகளுக்கு இந்த நீர் ஆகாது. கிணறு இருந்தால் அந்த நீரை இவற்றுக்கு ஒதுக்கி, வாய்க்கால் நீரை மலர்ப்பயிர், தீவனச்சோளம், நெல் ஆகியவற்றுக்கு விடலாம். தெளிப்பு நீர்ப் பாசனத்தை அறவே தவிர்க்கவும். பார் பிடித்துச் சாலில் பாய்ச்சினால் காய்களில் நீர் படாது. தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டுவது இங்கே இன்னொரு வகையிலும் உதவும். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே இந்த நீரை நிறுத்திவிடலாம். கொக்கிப்புழு காலின் தோல் வழியே ஏறுவதால், மடை திருப்பும்போது முழங்கால் வரை ரப்பர் காலணி அணியவும். கால்நடைகளுக்கு இந்த நீரைக் காட்ட வேண்டாம்.

சோப்பு நீரில் சோடியம் மிகுதி. சில ஆண்டுகளில் மண் இறுகி, நீர் இறங்காமல் மேலே தேங்கினால் அதுவே அடையாளம். மண் ஆய்வின் பரிந்துரைப்படி ஜிப்சம் இடவும். பாசன நீரின் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை இல்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்கா. வாய்க்காலுக்கு அருகில் குடிநீர்க் கிணறு இருந்தால் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்குப் பாலில் கலந்தும் கொடுக்கக் கூடாது. காய்ச்சினாலும் நைட்ரேட்டு போகாது.

ஆய்வுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, மதகு திறந்து சிறிது நேரம் ஓடிய பின், நுரையை ஒதுக்கிவிட்டு நடுவாய்க்காலில் நிரப்பவும். பெயர், இடம், நாள், பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும். கிருமி ஆய்வு வேண்டுமானால் ஆய்வகத்திலிருந்தே தூய்மை செய்த புட்டியை வாங்கி வந்து நிரப்ப வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழை தொடங்கும்போது ஒரு முறையும் எடுப்பது போதுமானது.