அறுத்த மாடு அப்பாவான கதை: டெக்சாஸ் ‘ஆல்ஃபா’ காளை சொல்லும் பரம்பரைக் கணக்கு!

செத்துப்போன மாட்டுக்கு வாரிசு பிறக்குமா? அதுவும் காயடித்த மாட்டுக்கு? அமெரிக்காவில் பிறந்திருக்கிறது.

2010-ம் ஆண்டு. டெக்சாஸில் இருக்கும் வெஸ்ட் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டை லாரன்ஸ், ஆய்வுக்காக ஓர் இறைச்சி ஆலைக்குப் போயிருந்தார். வரிசையாகத் தொங்கிய உரித்த மாடுகளில் ஒன்று அவரைச் சட்டென நிறுத்தியது. அதே மாலையில் இன்னொன்றும் அப்படியே!

அப்படி என்ன விசேஷம்? (சைவ வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.) அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்கு இரண்டு விதமாகத் தரம் பிரிக்கிறார்கள். 12-வது, 13-வது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டி, சதையைப் பார்ப்பார்கள். சிவப்புச் சதைக்குள் வெள்ளைக் கொழுப்பு பளிங்குக் கல் மாதிரி இழையோடினால் கறி மெத்தென்று, ருசியாக இருக்கும். இதற்குப் பெயர் ‘மார்பிளிங்’. அது நிறைய இருந்தால் ‘பிரைம்’. அடுத்து ‘சாய்ஸ்’, பிறகு ‘செலக்ட்’. இது ருசிக் கணக்கு. வெளிக்கொழுப்பு, எலும்பு எல்லாம் கழித்து எவ்வளவு கறி தேறும் என்பது இன்னொரு கணக்கு. அதற்கு 1 முதல் 5 வரை எண். 1 கிடைத்தால் டாப்.

பிரச்னை என்னவென்றால், இரண்டும் ஒரே மாட்டில் சேர்வது அபூர்வம். சதைக்குள் கொழுப்பு ஏறினால் தோலுக்கு அடியிலும் ஏறிவிடும். பிரைமும் 1-ம் சேர்ந்து வருவது 10,000 மாடுகளில் சுமார் மூன்றில்தான். அதில் இரண்டை ஒரே நாளில் பார்த்துவிட்டார் லாரன்ஸ்.

சரி, அந்த வம்சத்தைப் பெருக்கலாமே? எப்படி? ஒன்று காயடித்த எருது. இன்னொன்று கிடாரி. இரண்டும் ஏற்கெனவே கொக்கியில் தொங்குகின்றன.

கறி மாடு வளர்ப்பவர்களின் பல வருடத் தலைவலியே இதுதான். பால் மாடு என்றால் எத்தனை லிட்டர் என்று தினமும் தெரியும். காளை கறக்காதுதான். ஆனால், மகள்கள் கறக்கும் பாலை அளந்து அப்பனுக்கு மார்க் போட்டுவிடலாம். கறி மாட்டில் பிள்ளைகளை அறுத்துப் பார்த்துத்தான் அப்பனுக்கு மார்க்!

லாரன்ஸ் குழு குறுக்கு வழி தேடியது. அந்த இரண்டு உடல்களிலிருந்தும் திசு எடுத்து குளோனிங் செய்தார்கள். எருதின் நகலாக 2012-ல் பிறந்ததுதான் ஆல்ஃபா. மூலம் காயடித்தது, நகலோ முழுக் காளை! காயடித்தது கத்தியின் வேலை, மரபணுவில் அது பதிவதில்லையே. கிடாரியின் நகல்களாக காமா 1, 2, 3 என மூன்று பிறந்தன. ஆல்ஃபாவையும் காமாக்களையும் சேர்த்ததில் 13 கன்றுகள் கிடைத்தன.

அவற்றில் ஏழு எருதுகளை வளர்த்து அறுத்த முடிவு 2016-ல் வெளியானது. ஒன்றுதான் பிரைம். மூன்று ‘சாய்ஸ்’ தரத்தின் மேல்படி, மூன்று நடுப்படி. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால், வழக்கமான மாடுகளோடு ஒப்பிட்டால் இது நல்ல ரிசல்ட். எல்லாமே பிரைமாக வராததற்குப் பின்னால்தான் சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது.

அதன் பெயர் ‘ஹெரிட்டபிலிட்டி’. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில், பரம்பரையால் வருவது எத்தனை பங்கு என்று சொல்லும் எண். மார்பிளிங்குக்கு அது 40 சதவிகிதத்தை ஒட்டி, சில ஆய்வுகளில் இன்னும் அதிகம். உரித்த எடைக்கும் ஏறக்குறைய அதே அளவு. பால் அளவுக்குச் சுமார் 30. சினை பிடிக்கும் திறனுக்கோ 10-க்கும் கீழே. மீதியில் பெரும்பங்கு தீவனம், வயது, பராமரிப்பு.

40 சதவிகிதம் என்றால், ஒரு மாட்டின் கொழுப்பில் 40 பங்கு அப்பா கொடுத்தது என்று அர்த்தமல்ல. பெற்றோர் மந்தையின் சராசரியைவிட 10 பாயின்ட் உசத்தி என்றால், பிள்ளைகள் சராசரியாக 4 பாயின்ட் உசத்தியாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். அதிலும் அப்பா பாதி, அம்மா பாதி என்று மரபணுக்களைக் கலைத்துப்போட்டுத்தான் ஒவ்வொரு கன்றும் உருவாகிறது. நகல் எடுத்தாலும், நகலின் பிள்ளை நகல் அல்ல!

இந்தக் கணக்கு இப்போது அமெரிக்கப் பால் பண்ணைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு மார்பிளிங் நன்றாகவே வரும்; சதைப்பற்றுதான் குறைவு. அதனால் பண்ணைக்காரர்கள், நன்றாகக் கறக்கும் பசுக்களுக்குக் கிடாரிக் கன்று பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தையும், சுமாரான பசுக்களுக்கு ஆங்கஸ் போன்ற கறி இனக் காளையின் விந்தையும் செலுத்துகிறார்கள். முன்பு அடிமாட்டு விலைக்குப் போன கன்றுக்கு இப்போது நல்ல காசு.

குளோனிங் செலவுபிடித்த வேலை. எல்லோராலும் முடியாது. இன்று கன்றின் காதிலிருந்து துளி திசு எடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தாலே, அது எப்படிப்பட்ட கறியைத் தரும் என்று ஓரளவு கணிக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கிறார்கள். ஆனால், டிஎன்ஏ கணிப்புக்கு அடிப்படை எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஏற்கெனவே அறுத்து, அளந்து எழுதிவைத்த ஆயிரக்கணக்கான மாடுகளின் கணக்கிலிருந்துதான்.